ஜன்னல் பக்கம் ஒரு செல்ஃபி

“மேக்கப் போடாம, ஜன்னல் வெளிச்சத்துல பொண்ணே எடுத்த செல்ஃபி வேணும்னு மாப்பிள்ளை கேக்கறாரும்மா” என்றார் தரகர் கொளஞ்சி, போனில்.

வினோதினிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

“ஜவுளிக்கடையில துணியப் பிரிச்சு வெளிச்சத்துல கலர் பாக்கற மாதிரியா? கடலூர்க்காரங்கன்னா அவ்ளோ எளப்பமா? அந்தச் சிதம்பரத்து இடமே வேணாம் மாமா” என்று போனை வைத்தாள்.

“கத்தாதடி, போட்டோதானே” என்றாள் அம்மா இளவரசி.

“மானம் போகுதும்மா. உனக்குக் கோவமே வராதா?”

அம்மா போனை வாங்கிக்கொண்டு ஜன்னலருகே போனாள்.

“இந்தத் திரைய நல்லா வெலக்கு.”

வினோதினி முணுமுணுத்தபடியே விலக்கினாள். காலை வெளிச்சம் அம்மாவின் நரைத்த முன்முடியில் விழுந்தது. இளவரசி கையை நீட்டித் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டாள்.

“அப்பா போயி பன்னெண்டு வருஷம் கழிச்சு உனக்கு ஒரு தொணை தேடுனா, இந்த வயசுல உனக்குப் பரீட்சை வெக்கிறாரே அந்த மனுஷன்” என்று பொரிந்தாள் வினோதினி.

இளவரசி சிரித்தாள்.

“மொதல்ல அப்படிக் கேட்டதே நான்தான்டி. காலேஜ்ல எடுத்த போட்டோவ அனுப்பியிருந்தாரு. இப்ப வழுக்கையோட அனுப்பிட்டாரு. நான் மட்டும் நரைய மறைக்கலாமா?”