உலர்ந்த முகவாய்களுக்கான கதவு

உலர்ந்த முகவாய்களுக்கு மட்டுமே திறக்கும் பள்ளிக் கதவு அது. தசைநோயால் எச்சிலை உடனுக்குடன் விழுங்க இயலாத மகள் ஜெனிலாவின் கழுத்தில், உமிழ்நீரை வற்றவைக்கும் மருந்துப் பட்டையை ஒட்டித்தான் மூன்று மாதமாக அனுப்பிவந்தாள் சகாயமேரி. ஒழுகல் நின்றது, வறண்ட தொண்டையில் சோறு சிக்கிப் பிள்ளை எலும்பும் தோலுமானாள்.

“வாயில ஈரமில்லாம சோறு எப்படி டீச்சர் எறங்கும்?”

“சட்டை நனையலையேம்மா! பட்டையச் சோதிக்க வந்த ஆராய்ச்சிக்காரங்க அத மட்டுந்தான் கேட்டாங்க. வெற்றின்னு எழுதிட்டுப் போயாச்சு.”

“யாருக்கு வெற்றி?”

திறந்த வாசலின் நடுவே சக்கர நாற்காலியை நிறுத்திப் பட்டையைப் பிய்த்தெறிந்தாள் சகாயமேரி. தானாக மூடவந்த கதவு சக்கரத்தில் முட்டி முட்டி நின்றது.

“நாற்காலிய எடும்மா, கதவு மூடணும்!”

“இருங்க டீச்சர், புள்ள சாப்பிடட்டும்.”

எச்சில் ஊறும்வரை காத்திருந்து, குழைந்த தயிர்ச்சோற்றை ஊட்டினாள். பாதி முகவாயில் வழிந்தது. பாதி உள்ளே இறங்கியது.