மூன்று முறை இறங்கிய முகட்டு மரம்

முகட்டு மரத்தை மூன்றாவது முறையாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். பங்குத்தந்தை சிப்ரி இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கோபப்படுவதற்குக்கூட அவரிடம் தெம்பு மிச்சமில்லை.

"அடி கிழக்கே வரணும் ஃபாதர். நம்ம ஆளுங்க நுனியை வச்சுத் தொலைச்சுட்டாங்க," என்றார் தலைமைத் தச்சர் கோரிஸ்.

காட்டில் நின்றபோது எது அடி, எது நுனி என்று பார்த்து மரத்தை ஏற்றாவிட்டால் அந்தக் கூரைக்குக் கீழே நல்லது தங்காது. லெம்பாட்டா தீவில் இது தெரியாத ஆள் கிடையாது. பக்கத்துச் சோலோர் தீவில் பிறந்த சிப்ரிக்கும் தெரியும் என்பதால் மறுத்துப் பேச வழியில்லை. ஆனால் ஊரில் பாதிக் கூரைகளைப் போட்ட கோரிஸுக்கு அடியும் நுனியும் மூன்று தடவையா மாறும்?

பங்கு மக்கள் கூடுவதற்கான இந்த மையத்துக்குக் கல் போட்டு இரண்டு வருடமாகிறது. அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுக்களாக ஊரில் ஏழு அன்பியங்கள், அன்பியத்துக்கு ஒரு நாள் வேலை என்று முறை. திங்கட்கிழமைக்காரர்கள் கட்டிய சுவரைச் செவ்வாய்க்கிழமைக்காரர்கள் கோணல் என்று பிரிப்பார்கள். சோள விதைப்பு, சாவு வீடு, மழையில் இறுகிப்போன சிமெண்ட் என்று காரணத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை. இத்தனைக்கும் இதே சனம்தான் தினமும் அவர் வாசலில் சோள அவலும் கருவாடும் வைத்துவிட்டுப் போகிறது.

சிப்ரிக்கு அவசரம். சோலோரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. அப்பாவைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து அவள் படகில் கால் வைப்பதில்லை. மகன்தான் அவளிடம் போய்ச் சேர வேண்டும்.

மாற்றல் கேட்டபோது, மையத்தை முடித்துவிட்டால் அதை மந்திரித்துத் திறக்கும் அர்ச்சிப்பு அன்றைக்கே சோலோருக்கு அனுப்புவதாக மறைமாவட்டத்து ஆயர் சொல்லியிருந்தார். ஆயர் இளகிய மனசுக்காரர், எதிரில் யாராவது அழுதால் தாங்கவே மாட்டார். அதைச் சாதகமாக்கிக்கொள்ளக் கூடாது என்றுதான் சிப்ரி பல்லைக் கடித்துக்கொண்டு, கண் கலங்காமல் கேட்டுவிட்டு வந்தார்.

ஊரில் யாரிடமும் இதை அவர் சொல்லவில்லை. உங்களை விட்டுப் போகத்தான் இத்தனை பாடும் என்று எந்த வாயால் சொல்வது?

அன்று மதியம் சோலோரிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தாள். அம்மா காபிப் பாத்திரம் என்று நினைத்து அடுப்புக்குள் கையை விட்டுவிட்டாளாம். சிப்ரி நேராகக் கட்டடத்துக்கு வந்தார். ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார்.

"என் மேல அப்படி என்னய்யா கோபம் உங்களுக்கு? சொல்லிடுங்க கோரிஸ்."

கோரிஸ் உளியைக் கீழே வைத்தார்.

"கோபமா? கோவில் கட்டின ஃபாதரை அர்ச்சிப்பு முடிஞ்ச மாசமே தூக்கிட்டாங்க. சாமியார் வீடு கட்டினவருக்கும் அதேதான். இது முடிஞ்சா நீங்களும் போயிடுவீங்க. மண்ணு சரிஞ்சப்ப எங்க பொணத்தையெல்லாம் தோள்ல சுமந்தவரு நீங்க. உங்களை அனுப்பிட்டு நாங்க என்ன பண்றது?"

சிப்ரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்புறம் அம்மாவின் கண், ஆயரின் வாக்கு, வெந்துபோன கை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

மறுநாள் காலையில் ஏழு அன்பியமும் ஒன்றாக வந்து நின்றது. முகட்டு மரம் ஒரே தூக்கில், அடி கிழக்கே பார்க்க ஏறி உட்கார்ந்தது. பதினோராம் நாள் தரை பூசி, கதவு மாட்டி, சுவருக்கு வெள்ளையும் அடித்தாகிவிட்டது. அந்தப் பதினோரு நாளும் கோரிஸ் சாமியாரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அர்ச்சிப்பு அன்று ஆயர் வந்தார். தீர்த்தம் தெளித்து, ரிப்பன் வெட்டி, சுவரைத் தட்டிப் பார்த்து மெச்சினார். மறுநாள் வீட்டில் இருப்பேன் என்று சிப்ரி அம்மாவுக்குப் போனில் சொல்லியிருந்தார். அவள் இரண்டு முறை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டாள்.

நன்றியுரை சொல்ல உபதேசியார் யுலிதா எழுந்தாள். போய் வாருங்கள் என்று ஒரு வரிதான் சொல்ல வேண்டும், நன்றாக மனப்பாடம் செய்துதான் வந்திருந்தாள். "ஃபாதர்" என்று தொடங்கியவள் மைக்கைப் பிடித்தபடியே விம்மினாள். அவள் அழ, முன்வரிசை அழ, புது மையம் முழுவதும் ஒரே ஓலமானது. கோரிஸ் கைலியின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆயருக்குக் கண் நிறைந்துவிட்டது. சிப்ரியின் கையை எட்டி இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மைக்கை வாங்கினார்.

"அழாதீங்கப்பா, யாரும் அழாதீங்க. உங்க ஃபாதரை நான் மாத்தவே மாட்டேன்."