பரளச்சி வந்தால் ஏறும் முள்

“என்னலே பால்ச்சாமி, நீ கார் மெக்கானிக்கா, இல்ல கட்டவண்டிக்கு மை போடுற ஆளா?”

பெரியவர் ராஜகுரு ஷெட்டு வாசலில் நின்று போட்ட சத்தத்தில், எதிர் டீக்கடையில் கிளாஸ்கள் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றன.

“மூணு தடவை உங்கிட்ட வண்டியை விட்டாச்சு. இன்னமும் பரளச்சிப் பக்கம் போனா முள்ளு சிவப்புக்கு ஏறுது. எம் மகன் நடுரோட்டுல நிக்கிறான்!”

பால்ச்சாமி தலையைச் சொறிந்தான். வெள்ளைக்கார மில் மானேஜர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய ரேஸு காரு அது. ரெண்டே சீட்டு. இஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளில்தான் கோளாறு. ஒயரை மாற்றினான். இஞ்சினில் சூடு பார்க்கும் குமிழையே மாற்றினான். ஷெட்டில் நிற்கும்போது அந்த முள்ளைப் போல யோக்கியம் உலகத்தில் கிடையாது.

“இன்னிக்குச் சரியாகலேன்னா வண்டி மதுரைக்குப் போயிரும். நம்ம பருத்தி ஜின்னிங் பாக்டரி லாரி ஒண்ணுகூட இனி உன் ஷெட்டுக்கு வராது.”

அந்த நாலு லாரியை நம்பித்தான் ஷெட்டே நடந்தது.

“நானே கூடப் போறேன் முதலாளி. ஓட்டத்துல பாத்துருவோம்.”

மகன் சங்கரபாண்டியன் காரை எடுத்தான். ரெட்டியபட்டி தாண்டியதும் ரோட்டில் கானல் ஓடியது. கரிசல் காடு இரண்டு பக்கமும் மிதந்து மிதந்து பின்னால் போனது. கார் தார் ரோட்டில் போகிறதா, தண்ணீர்மேல் போகிறதா என்றே பால்ச்சாமிக்குத் தெரியவில்லை. முள் பாதியில் படுத்துத் தூங்கியது. அவனுக்கும் கண் சொருகியது.

பரளச்சிக்கு முன்னால் ஒத்தை வீடு ஒன்று தெரிந்தது. படுத்திருந்த முள் ஒரே தாவலாகச் சிவப்பில் போய் நின்றது.

“பாத்தியா!” என்று சங்கரபாண்டியன் காரை ஓரங்கட்டினான்.

பால்ச்சாமி பானட்டைத் தூக்கினான். ஆவி இல்லை. கொதிக்கிற சத்தம் இல்லை. முள் இப்படித் தாவினால் அது சூடு இல்லை. எங்கேயோ ஒயர் கார் பாடியில் தட்டுகிறது.

யாரும் கூப்பிடவில்லை. அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு வந்தாள். சங்கரபாண்டியன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கார் மட்கார்டைத் தடவிக்கொண்டு நின்றான்.

“என்ன, ரொம்ப மெலிஞ்சுட்ட?” என்றான் காரிடம்.

“கோடையில யாருதான் மெலியல?” என்றாள் அவள், குடத்திடம்.

“சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?” காரிடம்.

“விட்டுருச்சு. நேத்து கஞ்சி குடிச்சான்.” குடத்திடம். சொல்லிக்கொண்டே ரேடியேட்டரில் தண்ணீரை ஊற்றத் தொடங்கினாள்.

வெயில் இவர்கள் மண்டையில் ஏறிவிட்டதா, தன் மண்டையிலா என்று புரியாமல், பால்ச்சாமி காருக்குள் குனிந்து ஒயரைத் தடவிக்கொண்டே போனான். டிரைவர் சீட்டுக்கு அடியில் விரலில் ஏதோ தட்டியது. கட்டெறும்பு கணக்காகச் சின்னதாக ஒரு சுவிட்சு. அமுக்கினான். முள் இறங்கியது. மறுபடி அமுக்கினான். ஏறியது.

நிமிர்ந்தான். சங்கரபாண்டியன் பக்கத்தில் நின்றான்.

“என் தங்கச்சி கஸ்தூரி. மனசுக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டு இங்க வந்துட்டா. அவகூடப் பேச்சு கிடையாது, அவ வீட்டுத் தண்ணி நாக்குல படாதுன்னு அப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்.” ரேடியேட்டரைக் கையால் காட்டினான். “வண்டி ஒண்ணும் சத்தியம் பண்ணலைல்ல?”

பால்ச்சாமி மறுபடி சுவிட்சைப் பார்த்தான்.

“உன் பேரு கெடுது, தெரியும். வேணும்னா அந்த ஒயரை அறுத்துரு.”

குறடு பால்ச்சாமியின் கையில்தான் இருந்தது. அவன் முன்பக்கம் பார்த்தான். ரேடியேட்டர் எப்போதோ நிரம்பிவிட்டது. தண்ணீர் வழிந்து கரிசலில் ஓடியது. கஸ்தூரி அண்ணனைப் பார்த்தபடி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

பொழுது சாய ஷெட்டுக்குத் திரும்பினார்கள். பெரியவர் அங்கேயே நின்றிருந்தார்.

“என்னலே ஆச்சு?”

“முடியலை முதலாளி. இந்த முள்ளு என் கைக்கு அடங்காது.”

டீக்கடையில் ஒருவன், “அப்ப சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுப்பா!” என்றான். கடையே சிரித்தது. சங்கரபாண்டியன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பால்ச்சாமி கண்ணாலேயே அடக்கினான்.

பெரியவர் மகனை வீட்டுக்குப் போகச் சொன்னார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு டீக்கடைக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“முள்ளு அப்படியே கெடக்கட்டும். லாரியெல்லாம் எப்பவும்போல வரும்.”

பால்ச்சாமி விழித்தான்.

“எந்த வண்டியாவது ஊரு பாத்துக் கொதிக்குமாலே?” என்றார் பெரியவர். கார் பானட்டைத் தடவினார். “தண்ணி ஊத்துனவ... நல்லா இருக்காளாலே?”