மதுரவாயல் தாண்டி

அரும்பாக்கத்திலும் அந்தச் சத்தம் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. தளர்ந்துபோன மட்கார்டு கடகடக்கிற சத்தம்.

ஓவர்டைம் பார்த்து வாங்கிய லேடீஸ் சைக்கிள். வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் ஆட்டம் கண்டுவிட்டதே என்று அதன் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

முந்தின நாள்தான் ஆயுத பூஜை. என் வீட்டுக்காரர் தங்கவேல் தன் சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார், என்னுடையதற்கும் வைத்தார். வைத்த கையோடு ஒரு நிபந்தனையும் போட்டார். பாரிவாக்கத்திலிருந்து கடற்கரை வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பினால், நான் தினமும் கம்பெனிக்கு சைக்கிளிலேயே போகலாம். பாதியில் பஸ் பிடித்தால் சைக்கிள் அவர் தம்பிக்கு.

“மொதல்ல மதுரவாயல் தாண்டு. அப்பால பேசு,” என்றார்.

இருபது வருஷமாக ஆவடிக்கு சைக்கிளில் போய் வருகிறவர். அந்தத் திமிர்.

எனக்கும் கொஞ்சம் உண்டு.

மறுநாள் கம்பெனி லீவு. விடிவதற்குள் கம்பெனித் தோழிகள் இருவரோடு கிளம்பிவிட்டேன். முதலில் கெங்கம்மாள், அடுத்து வேம்புலியம்மாள், கடைசியில் நான். அவர்கள் இருவருடையதும் வாடகை சைக்கிள். குமணன்சாவடி டீக்கடையில் நின்ற ஆண்கள் மூன்று புடவைகளையும் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், எங்கள் மோட்டார் கம்பெனி லைனில் உட்காருவதும் இதே வரிசையில்தான். கெங்கம்மாள் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவாள், வேம்புலியம்மாள் கட்டுவாள், நான் டெஸ்ட் செய்து தள்ளுவேன். தலையைத் திருப்பினால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். அதனால் முன்னால் பார்த்தபடியே நாள் முழுக்கப் பேசப் பழகியவர்கள் நாங்கள்.

ரோட்டிலும் அப்படியே பேசிக்கொண்டு போனோம். ஒருத்தியும் திரும்பவில்லை.

மதுரவாயலை ஆறரை மணிக்கே தாண்டிவிட்டோம். பேசலாம் என்றால் பேசச் சொன்ன ஆள் அங்கே இல்லை.

கோயம்பேட்டில் அப்போது மார்க்கெட்டும் வரவில்லை, பஸ் ஸ்டாண்டும் வரவில்லை. காற்று தாராளமாக அடித்தது. எனக்குத் தொடை கடுத்தது. இறங்கிவிடலாமா என்று ஒருமுறை தோன்றியது உண்மை. தம்பிக்காரன் என் சைக்கிளில் பீடி குடித்துக்கொண்டு போவதை நினைத்துப் பார்த்தேன். கால் தானாக மிதித்தது.

அமைந்தகரையில் லாரிகள் ஒதுங்கி வழி கிடைத்தது. கெங்கம்மாள் எம்பி மிதித்தாள். வேம்புலியம்மாள் விடவில்லை. நான் மட்டும் விடுவேனா.

அந்த வேகத்தில் மட்கார்டுச் சத்தம் நின்றுபோனது. ஓட ஓடத் தானே சரியாகிவிட்டது, நல்ல சைக்கிள்தான் என்று ஹேண்டில்பாரைத் தட்டிக்கொடுத்தேன்.

சென்ட்ரலைத் தாண்டி, தீவுத்திடலைத் தாண்டி, நேப்பியர் பாலத்தில் ஏறி இறங்கியதும் இடது பக்கம் முழுக்கக் கடல்.

காணும் பொங்கலுக்கு பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்து வருஷா வருஷம் பார்க்கிற அதே கடல்தான். அன்றைக்கு அது நான் சம்பாதித்ததாக இருந்தது. பீச் ரோட்டில் மூவரும் ஒரே வரிசையாக, தேவையே இல்லாமல் பெல் அடித்துக்கொண்டு போனோம். கலங்கரை விளக்கம் வரைக்கும் மிதித்துவிட்டுத்தான் இறங்கினோம்.

அலையில் இறங்கி, கம்பெனிக்குக் கொண்டுபோகிற பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். சாட்சி வேண்டுமே.

வீடு திரும்ப மணி மூன்று. வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முட்டியில் மஞ்சள் பற்று. எங்கே இடித்துக்கொண்டாரோ, அதைக் கேட்கிற மனநிலையில் நான் இல்லை. பாட்டிலை அவர் கையில் திணித்தேன்.

உப்பு போட்டுக் கலக்கினதுதானே என்பார். அதற்கான பதிலை வானகரத்திலிருந்தே தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். நொண்டிக்கொண்டே உள்ளே போய், பூஜையில் வைத்த ஸ்பேனருக்குப் பக்கத்தில் பாட்டிலை வைத்தார்.

அப்போதுதான் கவனித்தேன். சுவரோரம் அவர் சைக்கிள் இல்லை.

எங்கே என்றேன்.

“அமிஞ்சிக்கரைல சைக்கிள் கடைல ரிம்மு கோணிக்கினு கெடக்குது,” என்றார் சுவரைப் பார்த்து. “மூணு பேரும் திரும்பிக்கூட பாக்காம அப்டி மிதிச்சா, மன்சன் எப்டி பின்னாலயே வர்றது?”

சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. என் மட்கார்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஊரிலிருந்து அமைந்தகரை வரைக்கும் கடகடத்துக்கொண்டு வந்தது அவருடைய இருபது வருஷத்து மட்கார்டு.

அந்த வாரம் முழுக்க அவர் பஸ்ஸில் ஆவடிக்குப் போனார். நான் சைக்கிளில் எஸ்டேட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சைக்கிளை எடுத்துவரக் கிளம்பினோம். முட்டி இன்னும் மடங்கவில்லை என்பதால் அவர் கேரியரில் உட்கார்ந்தார். நான் மிதித்தேன். தெருவே வெளியில் வந்து பார்த்தது. நான் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, லைன் பழக்கம்.

மதுரவாயல் தாண்டியதும் முன்னால் பார்த்தபடியே சொன்னேன்.

“தாண்டியாச்சு. இப்ப பேசுய்யா.”