சைவக்காரி வீட்டு எலி

ஒரு பாம்பு இருந்ததாம், அதைக் கடித்த ஓர் எலியும் இருந்ததாம். இரண்டும் இருந்தது காட்டில் இல்லை. தைவானில் ஜியாயி ஊரில், பூண்டுகூடச் சேர்க்காத ஒரு சைவக்காரியின் வீட்டில்.

அந்தச் சைவக்காரி லியென், கடைக்குப் போய் எலி வாங்கினாள் என்று காதில் விழுந்ததுமே, மூன்றாம் மாடி பாவ்ஜு செருப்பைக்கூட மாட்டாமல் நாலாம் மாடிக்கு ஏறினாள்.

கதவு திறந்துதான் கிடந்தது. சமையல் மேடையில் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் வெந்நீர். வெந்நீரில், பிளாஸ்டிக் பைக்குள், செத்த வெள்ளை எலி ஒன்று.

"அடிப்பாவி லியென்! பௌர்ணமியும் அதுவுமா இது என்னடி?"

"அதிர்ந்து நடக்காதீங்க அக்கா. உள்ள பாம்பு மிரண்டுடும்."

"பாம்பு வேறயா! கோயில்ல என் பக்கத்துல உட்கார்ந்து பூண்டைப் பொறுக்கி ஒதுக்குறவ, வீட்டுல எலி சமைக்கிறியா?"

"சமைக்கலை அக்கா. ஐஸ்பெட்டியில இருந்ததைக் கதகதப்பாக்குறேன். சில்லுன்னு குடுத்தா பாம்பு வயித்துக்கு ஆகாது."

"ஐஸ்பெட்டியிலயா? டோஃபு பக்கத்துலயா?"

"இதுக்குன்னு தனியா ஒரு சின்னப் பெட்டி வாங்கிட்டேன்."

பாவ்ஜு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னைப் பாருடி. என் பையன் யூடிங் ஒரு பாம்பு வெச்சிருந்தான். அவன் பட்டாளத்துக்குப் போனதும் பெட்டியோட தூக்கிட்டுப் போய், மலையில மூடியைத் திறந்து வெச்சுட்டு வந்தேன். ஒரு உயிருக்கு விடுதலை! திரும்பிக்கூடப் பார்க்கலை. அவன் கோவிச்சுக்கிட்டுப் பேச்சையே நிறுத்தினான். இப்ப பாரு, ஒரு மாசமா வாராவாரம் கூப்பிடுறான். 'நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா, உன் மனசு எனக்குத் தெரியும்'னு அழறான். எல்லாம் அந்த உயிரை விட்ட புண்ணியம்!"

லியென் பையைப் பிரித்தாள். எலியைத் தொட்டுச் சூடு பார்த்தாள். துடைத்தாள். நீள இடுக்கியால் பிடித்தாள்.

"வந்ததுதான் வந்தீங்க. பார்த்துட்டுப் போங்க."

பாவ்ஜு இதுவரை ஒரு பாம்பை நின்று பார்த்ததில்லை. உள்ளறையில், திறந்த பெட்டிக்குள் அது பழுப்பும் கறுப்புமாகச் சுருண்டிருந்தது. முதுகில் ஒரு காய்ந்த வடு.

"என்னடி காயம்?"

"எலி கடிச்சது."

"பாம்பையா? எலியா?"

"என் புத்தியைச் சொல்லணும். செத்த எலியைத் தொடக் கூசிச்சு. உயிரோட ஒண்ணை உள்ள விட்டு மூடிட்டு, பக்கத்து ரூம்ல உட்கார்ந்து அமிதாப புத்தர் நாமம் சொன்னேன். கொன்னது நான் இல்லேன்னு ஆகணுமே! அப்ப பாம்பு சட்டை உரிக்கிற சமயம். கண்ணுல பால் படிஞ்சு, பசியே இல்லாம கிடந்திருக்கு. பசி எலிக்குத்தான். வந்து பார்க்குறேன், முதுகு மேல உட்கார்ந்து கொறிச்சுக்கிட்டிருக்கு. இவ்வளவு பெரிய உடம்பு, அசையாம கடிபட்டுக்கிட்டுக் கிடக்கு. என் கை சுத்தமா இருக்கணும்னு அதோட முதுகைக் குடுத்துட்டேன் அக்கா."

"அப்புறம்?"

"உப்புத் தண்ணியில கழுவி, அயோடினை டீத்தண்ணி நிறத்துக்குக் கலக்கித் தடவினேன். பெட்டியில இருந்த மரத்தூளை வாரிட்டு வெள்ளைத் தாள் விரிச்சு, தினமும் மாத்தினேன். ஆழமா இருந்தா டாக்டர்கிட்டதான் போகணுமாம். நல்லவேளை, மேல்தோலோட போச்சு. ஆறுற வரைக்கும் சாப்பாடு குடுக்கலை. எரிஞ்சிருக்கும். ஒரு தடவைகூட என்னைக் கடிக்கலை."

இடுக்கி நுனியில் எலி மெல்ல ஆடியது. பாம்பின் நாக்கு வந்தது, போனது, வந்தது. பிறகு நின்றது. பாவ்ஜுவின் மூச்சும் நின்றது.

அடுத்து நடந்தது அவள் கண்ணுக்கே தெரியவில்லை. இடுக்கி காலி. எலியைச் சுற்றி வளையம் வளையமாகப் பாம்பு இறுகியிருந்தது.

அப்புறம் அவசரமே இல்லை. வாய் விரிந்தது. இந்தப் பக்கத் தாடை ஓர் அடி, அந்தப் பக்கத் தாடை ஓர் அடி என்று எலியின் மேல் நடந்து போனது. கை இல்லை, கால் இல்லை, ஒரு சத்தம் இல்லை. எலி இருந்த இடத்தில் கழுத்து மட்டும் மெல்லப் புடைத்து இறங்கியது.

"அம்மாடி!" என்றாள் பாவ்ஜு. கைகள் எப்போது குவிந்தன என்று அவளுக்கே தெரியாது.

"இனி ரெண்டு நாளைக்குத் தொடக்கூடாது." லியென் பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினாள்.

"எங்கேடி கிடைச்சுது இது?"

லியென் கொக்கியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

"மலையில. அன்னிக்கு உங்க பின்னாலயே வந்தேன் அக்கா. இது வெப்ப தேசத்துப் பாம்பு. குளிர்ல பெட்டியை விட்டு வெளியகூட வரலை. விடியறதுக்குள்ள விறைச்சிருக்கும்."

பாவ்ஜு பெட்டியை இப்போதுதான் கவனித்தாள். கைப்பிடியில் யூடிங் சுற்றிய நீல டேப்.

"அவனுக்கு... தெரியுமா?"

"போன மாசம் சொன்னேன். 'குளிர்ல விட மனசு வராம உங்கம்மாதான் என்கிட்ட குடுத்து வெச்சாங்க. கேட்டா கூச்சப்படுவாங்க, நீயா கேட்காதே'ன்னு. பொய்தான். மன்னிச்சுக்கோங்க அக்கா."

பாவ்ஜு சமையல் மேடைக்குப் போனாள். எலி கிடந்த கிண்ணத்தை எடுத்து, தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைத்தாள். பிறகு, அதிராமல் அடி வைத்துப் படியிறங்கிப் போனாள்.