சனிக்கிழமைப் பாடம்

"ஜாங்ஙான் சாபுட்!" என்று வெள்ளைக்கார டாக்டர் துரை மலாயில் கத்தினார். கத்தியைப் பிடுங்காதே என்று அர்த்தம்.

பக்கிரிசாமி பிடுங்கவில்லை. மேசையில் துள்ளிய சின்னையா கங்காணியின் தோள்களை அழுத்திப் பிடித்திருந்தான். பிடித்துக்கொள்வதுதான் ஆஸ்பத்திரியில் அவன் உத்தியோகம்.

கங்காணியின் இடது மார்பில் கத்தி பிடிவரை இறங்கியிருந்தது. நெஞ்சு அடிக்க அடிக்க அந்தப் பிடியும் ஆடியது.

பிடியைச் சுற்றிச் செப்புக் கம்பி. கட்டை பிளந்தபோது அதைச் சுற்றிக் கொடுத்தவன் பக்கிரிசாமியேதான். அவன் வீட்டுக் கத்தி அது. அவன் பெண்சாதி மாரியாயி மீன் ஆய்கிற கத்தி.

போன மாதம் பெரட்டுக் களத்தில், ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில், பிந்தி வந்தாள் என்று மாரியாயியின் வயிற்றில் உதைத்தவன் இந்தக் கங்காணி. ஆறு மாதப் பிள்ளை அன்று மாலையே செத்துப் பிறந்தது. பக்கிரிசாமி தன் கையாலேயே குழி தோண்டினான்.

கிள்ளான் ரோட்டு ரப்பர் தோட்டத்திலிருந்து கங்காணியை லோரியில் தூக்கி வந்தபோது, இவன் சாகட்டும் என்றுதான் பக்கிரிசாமிக்குப் பட்டது.

துரைக்கோ சந்தோஷம். இப்படியொரு உடம்பு பாடத்துக்கு எளிதில் கிடைக்குமா? மருத்துவம் படிக்க வந்த ஆறு பேரையும் மேசையைச் சுற்றி நிறுத்தினார். கத்தி இருந்த இடத்தில் இருக்க, மயக்கமருந்து தாங்க மாட்டான் என்று அப்படியே தோலை அறுத்தார். விலா எலும்பை வெட்டினார். பச்சைமட்டை முறிகிற சத்தம் கேட்டது. ஒரு மாணவன் சுவரோரம் போய் வாந்தியெடுத்தான்.

கத்தியை ஏன் பிடுங்கக் கூடாதென்று பக்கிரிசாமிக்குத் தெரியும். துரையின் இங்கிலீஷ் புரியாவிட்டாலும் கண் இருக்கிறதே. முன்பொரு சனிக்கிழமைப் பாடத்தில், ஆட்டின் இதயத்தில் சிவப்புத் தண்ணீர் ஏற்றி, ஆணி செருகிக் காட்டினார் துரை. ஆணி இருந்தவரை ஒரு சொட்டு வரவில்லை. பிடுங்கியதும் அவர் கோட்டெல்லாம் சிவப்பு. மாணவர்களோடு சேர்ந்து அவனும் சிரித்தான்.

போலீஸ்காரர் நோட்டைத் திறந்துகொண்டு வாசலில் நின்றார். ராதாகிருஷ்ணன் என்ற மாணவன் கங்காணியின் காதருகே குனிந்தான்.

"யாரு குத்துனது கங்காணியாரே? பேர மட்டும் சொல்லுங்க."

கங்காணியின் வாயில் ரத்த நுரை வந்தது. "பால்மரம் வெட்டுற..."

தோட்டத்தில் பாதிப் பேர் ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவர்கள்தான், மாரியாயியும் அதில் ஒருத்தி. ஆனால் இன்னும் ஒரு சொல் வந்தால் போதும், மாரியாயிக்குத் தூக்கு.

பக்கிரிசாமி தோளை விட்டான். செப்புக் கம்பியைப் பிடித்து, ஒரே இழுப்பாக இழுத்தான்.

ஆட்டிதயம் பீய்ச்சியதெல்லாம் ஒரு பீய்ச்சலா? துரையின் முகம், மாணவர்களின் கண்கள், மேலே தொங்கிய விளக்கு எல்லாம் ரத்தம். துரை நெஞ்சுக்குள் கையை விட்டு ஓட்டையைப் பொத்தப் பார்த்தார். விரலிடுக்கில் வழிந்த ரத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றது. கங்காணி வாயைத் திறந்தபடியே கிடந்தான்.

துரை விட்ட அறையில் பக்கிரிசாமியின் உதடு கிழிந்தது. மடையன், படிக்காதவன், இவன்தான் கொன்றான் என்று துரை கத்தினார். போலீஸ்காரர் நோட்டை மூடினார்.

பக்கிரிசாமிக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஆத்திரத்தில் கண்மண் தெரியாமல் குத்திவிட்டாள் பாவி. நல்லவேளை, காப்பாற்றிவிட்டோம்.

துரை கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பாடத்தை முடிக்காமல் விட அவருக்கு மனமில்லை. கத்தி எங்கே நுழைந்தது என்று மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். பக்கிரிசாமியைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். எலும்பு தெரிகிற பக்கிரிசாமியின் மார்புதான் சனிக்கிழமைதோறும் அவருக்குக் கரும்பலகை. விலாக்களுக்குக் கோடு, நுரையீரலுக்கு வளைவு, ஊசி நேராக இதயத்துக்குள் இறங்கும் இடத்துக்குச் சின்ன வட்டம். சோப்புக்குப் போகாத நீலப் பென்சில் அது.

இன்று பென்சில் தேவைப்படவில்லை. முந்தாநாள் போட்ட வட்டம் அங்கேயே இருந்தது. துரை அதில் விரலை ஊன்றி, "இங்கே" என்றார். கங்காணிக்கும் அதே இடம்தான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, மாரியாயி எப்போதும்போலத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டாள். கோடுகளெல்லாம் போய்விட்டன. இதயம் இங்கேதான் என்று அவன் காட்டியிருந்த அந்த வட்டத்தை மட்டும் அவள் தேய்க்கவில்லை. அதன்மேல் விரலை வைத்து, விலா இடுக்கைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

கொஞ்சுகிறாள் என்றுதான் அவன் நினைத்தான்.