விட்டுப்போன இரண்டு வரி

"ஐம்பத்தஞ்சு செகண்டுப் பாட்டை நாப்பதுல முடிச்சா அதுக்குப் பேரு என்னம்மா? மண்டபத்துக் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டேதான் நின்னேன்!"

அழகுமலை மேசையில் தட்டிய தட்டில் டீ கிளாஸ் துள்ளியது. கம்பம் வாழை வியாபாரிகள் சங்கத்தின் தலைவர் அவர். எதிரே தலைகுனிந்து நின்றவள் சகாயராணி, சங்கம் நடத்தும் பள்ளியின் தற்காலிகப் பாட்டு டீச்சர். வரும் ஜூனில் வேலையை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். காலையில் சங்கத்தின் ஆண்டு விழாவில் மாநிலப் பாடலைப் பாடினாள், அந்த வேலைக்கே ஆபத்து வந்துவிட்டது.

செயலாளர் எட்வினுக்குப் பாவமாக இருந்தது. இருந்து என்ன செய்ய, புகார்க் கடிதம் எழுதும் பேனா அவன் கையில்தான் இருந்தது.

"மறந்துருச்சுங்கய்யா," என்றாள் சகாயராணி.

"மறக்குமா? சர்ச்சுல மணிக்கணக்காப் பாடுற ஆளு நீ! ரெக்கார்டு போட்டாப் போதும்னு இந்த எட்வின் சொன்னான். வாயால பாடணும்னு அரசாணை இருக்குடான்னு உன்னையக் கூட்டியாந்தேன் பாரு, எனக்கு வேணும்!"

தலைவருக்கு இந்தப் பக்தி அரசாணைக்குப் பிறகு வந்தது. அதற்கு முன்பெல்லாம் பாட்டு முடிந்த பிறகுதான் காரைவிட்டே இறங்குவார். இப்போது ஆணையில் இல்லாததையும் சேர்த்துக்கொண்டார்: பாடும்போது ஈ மொய்த்தாலும் கையை அசைக்கக் கூடாது. காலையில் அதை மைக்கில் சொல்லிவிட்டு, புதுப் பட்டு வேட்டியில் விறைப்பாக நின்றார்.

"எழுதுப்பா. மாநிலப் பாடலில் இரண்டு வரிகளை விட்டு அவமதித்த..."

"எந்த ரெண்டு வரின்னு எழுத, தலைவரே?"

அழகுமலை பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் துணைத் தலைவரைப் பார்த்தார். துணைத் தலைவர் ஃபேனைப் பார்த்தார்.

"நடுவுல வர்ற வரிப்பா!" என்றார் அழகுமலை.

"நடுவுலன்னா?"

"எட்வினு, நீதான் வீடியோ எடுத்தேல்ல? போட்டுக் கேளு," என்றார் துணைத் தலைவர்.

எட்வின் போனில் போட்டான். பாட்டு ஓடியது. கேட்ட ஒருவருக்கும் எந்த வரி விட்டுப்போனது என்று பிடிபடவில்லை.

ஆனால் பார்த்துக்கொண்டிருந்த எட்வினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடையின் பக்கவாட்டில் போனை நிறுத்திவைத்து எடுத்த வீடியோ அது. பாதிப் பாட்டில் தலைவரின் பட்டு வேட்டி இடுப்பிலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. கூட்டத்துக்குத் தெரியாமல் மேசை மறைத்தது. அவர் கை அசையவில்லை. கண் மட்டும் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில்.

பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த சகாயராணி ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்தாள். அடுத்த மூச்சில் கடைசி வரிக்குத் தாவி முடித்தாள். தலைவரின் இரண்டு கைகளும் வேட்டிக்குப் பாய்ந்தன.

எட்வின் போனைத் தலைவர் முன்னால் மட்டும் நீட்டினான்.

அழகுமலை பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். கை தானாக இடுப்புக்குப் போனது.

"எந்த வரி தலைவரே?" என்றார் பொருளாளர்.

அழகுமலை கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"டீச்சரு எல்லா வரியும் சரியாத்தாம்ப்பா பாடியிருக்காக. நம்ம மண்டபத்துக் கடிகாரந்தான் மெதுவா ஓடுது!"